ஒட்ட ஒட்டக் குறையும் கணக்கு

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்கால் படி ஏறும்போது வலிக்கிறதா, இறங்கும்போது வலிக்கிறதா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தேன். நீ அத்தானின் இருமலைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு அதை அப்படியே விட்டுவிட்டாய். எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை, தூசித் தும்மல் தவிர.

தும்மலுக்குக் காரணம் பதவி உயர்வு. பத்தொன்பது வருடமாக அருங்காட்சியகத்தின் மேல்மாடியில் பஞ்சடைத்த பறவைகளுக்குத் தூசி தட்டிக்கொண்டிருந்த உன் தம்பி, திங்கள்கிழமை முதல் புதைபடிவப் பிரிவின் பதிவாளர். அத்தானுக்குச் சொல்: மண்ணுக்குள் கிடந்து கிடந்து கல்லாகிப்போன பழைய உயிர்கள்தான் புதைபடிவம். எலும்பு, ஓடு, பல், இலை எல்லாம் உண்டு. இடம் நிலவறை, பின்சுவர் மட்டும் மேட்டுச் சரிவில் வெளியே தெரியும். குனிந்து நுழைய வேண்டிய ஒரு கதவு, வளைந்து இறங்கும் படிக்கட்டு, மழை பெய்தால் சுவரோரம் தண்ணீர். ஆனால் பதிவேடு என் கையில்! அறுபது வருடப் பதிவேடு. ஒவ்வொரு கல்லுக்கும் ஓர் எண், கல்லின் அடியில் வெள்ளைப் பூச்சின்மேல் மையால் எழுதப்பட்டிருக்கும். கடைசி எண் 9,412.

வந்த அன்றே ஓர் இடியும் விழுந்தது. பத்தாயிரம் உருப்படி உள்ள பிரிவுகளுக்குச் சொந்தக் கட்டிடம்; அதற்குக் குறைந்தவற்றைச் செப்டம்பரில் பெட்டி கட்டித் தலைமை அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்று உத்தரவு. பிரிவு போனால் பதிவாளரும் வேண்டாம். இயக்குநர் என் தோளைத் தட்டினார். எதைக் கண்டாலும் திறப்பு விழா நடத்துவதால் அவருக்கு எங்களிடம் 'ரிப்பன்' என்று பெயர்.

"ஐநூத்து எண்பத்தெட்டுதான்யா குறையுது. வளர்த்துடுவீங்க இல்ல?"

"வளர்த்துடலாங்க ஐயா" என்றுவிட்டேன். இது என்ன, தொட்டிச் செடியா, தண்ணீர் ஊற்றி வளர்க்க?

வேறு வேலை எனக்குத் தெரியாது, அக்கா. பிரார்த்தனையில் என்னையும் சேர்த்துக்கொள்.

தும்மிக்கொண்டே முடிக்கிறேன்,
உன் தம்பி

ஜனவரி 19

என் தம்பிக்கு,

கடவுள் கிருபையில் இங்கே இருவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். முழங்கால் இறங்கும்போதுதான் வலிக்கிறது. அதனால் மாடிக்கு ஏறினால் இறங்காமல் அங்கேயே பாதி வேலையை முடித்துக்கொள்கிறேன். உன் தும்மலுக்கு மூக்கில் துணி கட்டிக்கொள். பதிவாளர் என்ற கௌரவம் பார்க்காதே.

செய்தியைத் தையற்கடையில் இருந்த உன் அத்தானிடம் படித்துக் காட்டினேன். "நல்லதுதான். வேலை போச்சுன்னா இங்க வரச் சொல்லு. பொத்தான் தைக்க ஆள் இல்ல" என்றார். கிண்டலா, அக்கறையா என்று இருபத்தாறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், எனக்கே தெரியவில்லை.

நீ மேல்மாடியில் இருந்த நாளெல்லாம் அந்தப் பறவைகளைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. இந்தக் கடிதத்தில் கல்லைப் பற்றி ஒரு பக்கம். அது எனக்குப் புரிகிறது. அந்த வேலை உனக்கு நிலைக்க வேண்டும் என்று காலையிலும் மாலையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்குள் எது வந்தாலும் எது போனாலும் நாட்காட்டியின் பின்பக்கம் குறிப்பவள் நான் என்பது உனக்குத் தெரியும். உன் 9,412-ஐயும் குறித்துவிட்டேன். ஒவ்வொரு கடிதத்திலும் எண்ணை எழுது.

ஒரு சந்தேகம். நான் பள்ளிக்கூடம் முடிக்காதவள், சிரிக்காதே. அங்கே எதை 'ஒன்று' என்று கணக்கு வைக்கிறீர்கள்?

உனக்காகக் கண்மூடிக் கேட்கும்,
அக்கா

பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

மூக்கில் துணி கட்டினேன், தும்மல் நின்றது. ஆனால் காவலாளி என்னைத் திருடன் என்று நினைத்துக் கையைப் பிடித்துவிட்டார். உன் கால் எப்படி?

பழைய கல் வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள் என்று செய்தித்தாளில் போட்டோம். வாசலில் வரிசை! ஓர் அம்மா கல்லாகிப்போன முட்டை என்று கொண்டுவந்தது கதவின் பீங்கான் குமிழ். ஒரு பெரியவர் தன் சிறுநீரகக் கல்லையே ஒரு குப்பியில் போட்டுக் கொண்டுவந்தார்.

"ஐயா, இது அவ்வளவு பழசு இல்லீங்களே" என்றேன்.

"வலிச்ச எனக்குத் தெரியும்யா எவ்வளவு பழசுன்னு" என்றார்.

கிணறு வெட்டுகிறவர்களும் கல்லுடைக்கிறவர்களும் கொண்டுவந்ததில் முப்பத்தொன்று உண்மையானவை. 9,443 ஆனது. ரிப்பன் எனக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகுதான் நீ கேட்ட கேள்வி என் தலையில் விழுந்தது. 212 என்ற எண்ணுள்ள ஓட்டுத்துண்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அலமாரியில் 6,871. இரண்டையும் சும்மா சேர்த்துப் பார்த்தேன். 'டக்' என்று பொருந்தியது, அக்கா! ஒரே சிப்பி. இரண்டு எண். பதிவேட்டைப் புரட்டினால் விஷயம் விளங்கியது. எனக்கு முன்னால் இருந்தவர்கள் எது உடைந்தாலும் உடைந்த துண்டுக்குப் புது எண் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வருடம் அலமாரி சரிந்து விழுந்திருக்கிறது. அந்த வருடம் சேகரிப்பு முந்நூற்று நாற்பது கூடியிருக்கிறது. அதற்காகப் பதிவாளருக்கு நற்சான்றிதழும் கொடுத்திருக்கிறார்கள்!

கை சும்மா இருக்கவில்லை. தச்சர்கள் காய்ச்சுவார்களே வஜ்ஜிரம், அந்தப் பசைதான் இங்கே வழக்கம். ஒரு வாரத்தில் பதினேழு ஒட்டு ஒட்டினேன். ஒவ்வொரு ஒட்டுக்கும் பதிவேட்டில் ஓர் எண்ணை அடிக்க வேண்டியிருக்கிறது. இப்போது 9,426.

ரிப்பன் பார்த்துவிட்டுக் கத்தினார். "வளர்க்கச் சொன்னா தேய்க்கிறீரேய்யா!"

நான் என்ன செய்ய?

கையெல்லாம் பசையாக,
தம்பி

பிப்ரவரி 17

என் தம்பிக்கு,

உன் கடிதத்தின் மூன்றாம் பக்கமும் நான்காம் பக்கமும் ஒட்டிக்கொண்டிருந்தன. ஆவியில் காட்டிப் பிரித்தேன். கால் பரவாயில்லை. அத்தானுக்கு இருமல் போய் விக்கல் வந்திருக்கிறது.

நீ கேட்டதற்கு யோசிக்கவே தேவையில்லை. கை தவறித் தட்டு நாலாக உடைந்தால் எனக்கு ஒரு தட்டுப் போனது என்றுதான் குறிப்பேன். மூன்று தட்டுக் கூடியது என்று குறித்தால் கடவுள் அல்ல, உன் அத்தானே சிரிப்பார். அவரிடமும் கேட்டேன். "வெட்டிப் போட்ட துணியை எண்ணினா நான் ஒரு நாளைக்கு நூறு சட்டை தைக்கிறவன். முதுகு ஒண்ணு, கை ரெண்டு, காலர் ஒண்ணு. உன் தம்பி ஆபீஸ்ல எனக்குச் சான்றிதழ் வாங்கித் தரச் சொல்லு" என்றார். சொல்லி முடிப்பதற்குள் ஐந்து விக்கல்.

ஒட்டு, தம்பி. ஒன்றாக இருந்ததை ஒன்றாக்குவது பாவம் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. வேலைக்குப் பயந்து கையை மடக்காதே. புதிதாக வருவது வரட்டும். இயக்குநரிடம் குரலை உயர்த்தாமல் பேசு. அப்பாவைப் போலவே உனக்கும் கோபம் வந்தால் காது சிவக்கும், எதிராளிக்குத் தெரிந்துவிடும்.

9,426 என்று குறித்திருக்கிறேன். அடுத்ததை எழுது.

உன் காதை நினைத்துக்கொண்டே,
அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நீண்ட நாள் எழுதவில்லை, மன்னித்துக்கொள். வேலை அதிகம். அத்தானுக்கு விக்கல் நின்றதா? இங்கே வெயில் ஏறிவிட்டது. நிலவறை மட்டும் குளுகுளுவென்று இருக்கிறது.

மக்களுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது. பிப்ரவரிக்குப் பிறகு பன்னிரண்டுதான் வந்தன. ஆனாலும் பிரிவு நன்றாக வளர்கிறது. எண் 9,611. ரிப்பன் இப்போது தினமும் இறங்கி வந்து "இன்னைக்கு எவ்வளவுய்யா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். மாதத்தின் சிறந்த ஊழியர் என்று என் படத்தை வாசலில் மாட்டியிருக்கிறார்கள். மூக்கில் துணியோடு எடுத்த படம்.

கண்ணுக்குத் தெரிகிற நோய் எதுவும் எனக்கு இல்லை. விரல் நுனியில் தோல் மட்டும் உரிகிறது. கழுவும் வேலை அதிகம். நிலவறைக்கு இன்னொரு கெட்டில் வாங்கியிருக்கிறேன்.

அப்புறம் என்ன எழுத? எல்லாம் நலமே.

தம்பி

ஏப்ரல் 9

என் தம்பிக்கு,

விக்கல் நின்றுவிட்டது. உன் படத்தை வாசலில் மாட்டியதற்குச் சந்தோஷப்படத்தான் நினைத்தேன். நாட்காட்டியைத் திருப்பினேன்.

போன எண் 9,426. வந்தவை பன்னிரண்டு. எனக்குத் தெரிந்த கூட்டலில் 9,438. நீ எழுதியிருப்பது 9,611. மூன்று தடவை கூட்டினேன். உன் அத்தானைத் துணி அளக்கும் நாடாவைக் கீழே வைக்கச் சொல்லி அவரையும் கூட்ட வைத்தேன்.

ஒருவர் மட்டும் இருக்கிற அறையில் இரண்டு கெட்டில் எதற்கு என்று நான் கேட்கப் போவதில்லை. கடையில் துணி வெட்டும் மேசையின் காலை வஜ்ஜிரம் போட்டுத்தான் ஒட்டியிருந்தோம். இஸ்திரிக்காரருக்கு வைத்த வெந்நீர் கவிழ்ந்ததும் கால் கழன்று மேசை அத்தானின் பாதத்தில் உட்கார்ந்தது. அதனால் அதைப் பற்றியும் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த நூற்று எழுபத்து மூன்றும் எந்தக் கதவு வழியாக உள்ளே வந்தன?

விரலுக்குத் தேங்காயெண்ணெய் தடவு.

அக்கா

மே 12

தம்பிக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. எண் எழுத வேண்டாம். கதவும் வேண்டாம். உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் இரண்டு வரி எழுது. அஞ்சலட்டை போதும்.

அத்தான் உனக்கு ஒரு சட்டை தைத்திருக்கிறார். அளவு கேட்கவில்லை. "கழுத்து எனக்குத் தெரியும். தொங்கிப் போயிருக்கும்" என்கிறார்.

அக்கா

மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நலம். இனி உண்மை.

எந்தக் கதவு வழியாகவும் வரவில்லை. நான்தான் பிரித்தேன்.

மார்ச் முதல் வாரத்தில் ஒரு நாள் மத்தியானம். ரிப்பன் அப்போதுதான் கத்திவிட்டுப் போயிருந்தார். கெட்டில் பக்கத்தில் வைத்திருந்த ஓர் ஆமை ஓடு, ஆவி பட்டு இரண்டாகக் கழன்றது. அதை ஒட்டியது நான் இல்லை. நாற்பது வருடத்துக்கு முன்னால் யாரோ. பதிவேட்டில் ஒன்று கூட்டினேன். அன்றைக்கு யாரும் என்னைத் திட்டவில்லை, அக்கா. அடுத்த நாள் அதே ஆமையைப் பதினான்கு ஆக்கினேன். நான் புதிதாக எதையும் உடைக்கவில்லை, ஒட்டியதை மட்டும்தான் பிரித்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் ஒட்டிய பதினேழையும் பிரித்தேன். தொழிலில் இப்படி ஒரு வேகம் எனக்கு வந்ததே இல்லை.

உன் கடிதம் வந்த அன்று கெட்டிலை அணைத்தேன். பதில் எழுத வெட்கமாக இருந்தது. முதலில் ஒட்டுவோம், பிறகு எழுதுவோம் என்று இருந்துவிட்டேன்.

அந்த நூற்று எழுபத்து மூன்றும் மறுபடி ஒட்டியாயிற்று. அதோடு நிற்க முடியவில்லை. இப்போது 9,102.

இன்னொன்று. 88-ஆம் எண் 'மரக்கட்டையாக இருக்கலாம்' என்று பதிவாகியிருக்கிறது. 1,907 'பெரிய நத்தை?'. 5,340-க்கு எதிரே 'கதவுக்கு முட்டு' என்றே எழுதியிருக்கிறார்கள். மூன்றும் ஒரே சாம்பல் நிறம், ஒரே மணல் பொடி. மூன்றையும் தரையில் வைத்தேன். ஒன்றன் பின் ஒன்றாக உட்கார்ந்தன. முதுகெலும்பு, அக்கா! ஏதோ பெரிய உயிர். மிச்சமும் இங்கேதான் எங்கேயோ எண்களுக்குள் கிடக்கிறது.

இயக்குநருக்கு இன்னும் தெரியாது. தினமும் கேட்கிறார். "பதிவேட்டைச் சரிபார்த்துக்கிட்டிருக்கேங்க ஐயா" என்கிறேன். அது பொய் இல்லை.

சட்டை சரியாக இருக்கிறது. கழுத்துத்தான் கொஞ்சம் இறுக்கம்; தொங்கவில்லை என்று அத்தானிடம் சொல்.

உன் முகத்தைப் பார்க்க இன்னும் கூச்சப்படும்,
தம்பி

ஜூன் 8

என் தம்பிக்கு,

கடிதத்தை முதலில் கடவுளுக்கு முன்னால் வைத்தேன். அப்புறம்தான் படித்தேன், அப்புறம் அழுதேன், அப்புறம் 9,102 என்று குறித்தேன். குறைந்த எண்ணைக் குறித்து இவ்வளவு சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை. என் கால் இன்றைக்கு வலிக்கவில்லை.

வெட்கப்பட்டது போதும். பிரித்த கைதானே ஒட்டுகிறது.

முதுகெலும்பு என்றதும் அத்தான் கத்தரியை வைத்துவிட்டார். "அவன் எங்கிருந்து ஆரம்பிக்கிறான்? வாலா? கெட்டுது போ. கழுத்துலேருந்து தோள், தோள்லேருந்து கை. அப்பதான் தொங்காம நிக்கும்னு எழுது" என்றார். கல்லாகிப்போன பிராணிக்கும் அதே வெட்டுத்தானா என்று எனக்குத் தெரியாது, சொன்னதை எழுதிவிட்டேன். என் பங்குக்கு ஒன்று: நிறத்தை மட்டும் நம்பாதே. துவைத்து நாளான துணியில் எல்லாம் ஒரே நிறம். விளிம்பைப் பார்.

இயக்குநரிடம் சொல்லிவிடு. செப்டம்பரில் யாராவது எண்ணிப் பார்க்க வந்த பிறகு தெரிந்தால் அவர் தலையும் சேர்ந்து குனியும். கத்துகிறவராக இருந்தாலும் உனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தவர்.

இறங்கும் படியிலும் தைரியமாக நடக்கும்,
அக்கா

ஆகஸ்ட் 21

அன்புள்ள அக்காவுக்கு,

கால் மறுபடி வலிக்கவில்லையே? எனக்கு முட்டி இரண்டும் காய்த்துவிட்டன. இரண்டரை மாதம் தரையில் தவழ்ந்தேன்.

அத்தானுக்கு நன்றி. கழுத்திலிருந்து தொடங்கியதுதான் சரி. ஏனென்றால் கழுத்துத்தான் பாதி. கடலில் நீந்திய ஊர்வன இனமாம், துடுப்பு மாதிரி நாலு கால். புத்தகத்தில் படம் பார்த்தேன். மொத்தம் இருபத்திரண்டு அடி. அலமாரிகளை எல்லாம் சுவரோரம் தள்ளி, தரையில் மரச்சட்டம் போட்டு, அதன்மேல் ஒட்டிப் படுக்க வைத்திருக்கிறேன். வால் ஒரு மூலையில், மூக்கு எதிர் மூலையில். நான் தேநீர் குடிக்க வேண்டுமென்றால் அதன் இடுப்பைத் தாண்டிப் போக வேண்டும். இருநூற்று அறுபத்தொரு எண்கள் அதற்குள் அடங்கி, 88 என்ற ஒரே எண் மிஞ்சியது. மற்ற ஒட்டுகளும் முடிந்தன. பதிவேட்டில் 8,214.

ரிப்பனிடம் சொன்னேன். நீ சொன்னபடி குரலை உயர்த்தவில்லை. அவரும் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. படியில் இறங்கி வந்து அதை வால் வரைக்கும் பார்த்தார்.

"அழகா இருக்குய்யா" என்றார். பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஆனா இது ஒண்ணுதானே? ஆயிரத்து எழுநூத்து எண்பத்தாறு குறையுதே. நான் இதை எப்படித் திறந்து வைக்கிறது?"

"மன்னிச்சிடுங்க ஐயா."

"போய்யா. எனக்கும்தான் அறுபது வருஷமா யாரும் சொல்லல" என்றார். அவருக்கு வயது ஐம்பத்து மூன்று.

எண்ணிப் பார்க்கும் அதிகாரி செப்டம்பர் முதல் தேதி வருகிறார். மரப்பெட்டிகள் இப்போதே வந்து தாழ்வாரத்தில் அடுக்கியிருக்கின்றன. என் மேசை இழுப்பறையை நேற்று காலி செய்தேன். அத்தானிடம் கேள்: பொத்தான் தைக்க எத்தனை மணிக்கு வர வேண்டும்?

ஆனால் அதை ஒட்டி முடித்த நாளில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, அக்கா. அதை மட்டும் நாட்காட்டியில் குறித்துக்கொள்.

உன் தம்பி

செப்டம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உட்கார்ந்து படி. அத்தானையும் உட்கார வை. கத்தரியை வாங்கி வைத்துவிடு.

அதிகாரி வந்தார். ஒல்லியானவர், சிரிப்பைச் செலவழிக்காதவர். மூன்று நாள் ஒவ்வொரு கல்லாக எண்ணினார். கடைசி நாள் மத்தியானம், "8,214. சரியா இருக்கு. நான் எண்ணின இடத்துல இதுவரைக்கும் சரியா இருந்தது இது ஒண்ணுதான்" என்றார். பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில், 88-க்கு எதிரே 'ஒன்று, முழுமையானது' என்று எழுதி, மொத்தத்துக்கு அடியில் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார். அப்புறம், "பத்தாயிரம் இல்ல. கட்டுங்க" என்றார்.

பெட்டி கட்டுகிறவர்கள் இறங்கி வந்தார்கள். நாலு பேர். 88-ஐப் பார்த்தார்கள், கதவைப் பார்த்தார்கள். மறுபடி 88-ஐப் பார்த்தார்கள். ஒருவர் நாடாவை எடுத்துக் கதவை அளந்தார்: இரண்டரை அடி.

"இது எப்படிங்க உள்ள வந்தது?" என்றார்.

சத்தியமாக, அக்கா, ஒட்டும்போது அந்தக் கதவைப் பற்றி ஒரு நாளும் நான் நினைக்கவில்லை.

அதிகாரி என்னிடம் திரும்பினார். "பதிவாளரே, இதைப் பிரிங்க."

"ஐயா..."

"என்ன பசை இது? கரையுமா, கரையாதா?"

கரையாது என்று ஒரு வார்த்தை போதும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ரிப்பன் அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் நின்று 'கரையாதுன்னு சொல்லுய்யா' என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"வெந்நீர்ல கரையுங்க ஐயா" என்றேன். "எனக்கு நல்லாத் தெரியும். எண்ணிக்கையைக் கூட்டுறதுக்காக நானே நூத்தி எழுபத்து மூணு பிரிச்சிருக்கேன். மறுபடி ஒட்டிட்டேன். இனிமே பிரிக்க மாட்டேன்."

"மாட்டீங்களா?"

"மாட்டேங்க ஐயா. ஒருத்தர் கையால அவ்வளவுதான் பிரிக்க முடியும்."

என் காது சிவந்திருக்கும். ரிப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

"நீங்க இல்லன்னா வேற ஆள் வச்சுப் பிரிப்பேன்" என்றார் அதிகாரி. பெட்டிக்காரர்களில் மூத்தவர் தலையைச் சொறிந்தார். "பிரிக்கலாங்க. ஆனா எங்க விதிப்புத்தகத்துல, முழுசுன்னு கையெழுத்தான பொருளைத் துண்டாக்கினா அது சேதக் கணக்குல வரும். கையெழுத்துப் போட்டவர்தான் பதில் சொல்லணும்."

அதிகாரி பதிவேட்டைத் திறந்து தன் கையெழுத்தையே வெகுநேரம் பார்த்தார். அது அவருக்குப் பிடிக்காத ஒருவர் போட்ட கையெழுத்து மாதிரி இருந்திருக்க வேண்டும்.

"அப்ப இதை மட்டும் விட்டுட்டு மிச்சத்தைக் கட்டுங்க."

இப்போது ரிப்பன் கண்ணைத் திறந்தார். "சேகரிப்பைப் பிரிச்சு அனுப்பக் கூடாதுன்னு உங்க உத்தரவோட ரெண்டாவது பத்தியில இருக்குங்களே, ஐயா" என்றார். குழைவான குரல். அந்த உத்தரவை அவர் எத்தனை தடவை படித்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

அதிகாரி இரண்டு பக்கம் எழுதினார். எனக்கு விளக்கம் கேட்டு ஒரு தாள், அந்த நூற்று எழுபத்து மூன்றுக்காக. அது நியாயம்தான், பதில் எழுதிவிட்டேன், ஒரு வருட ஊதிய உயர்வு போகும். இன்னொரு தாள் தலைமைக்கு: 'உருப்படி 88 நகர்த்த இயலாதது. சேகரிப்பு இருக்கும் இடத்திலேயே இருக்கும். சுவரை இடித்து, அங்கேயே கட்டிடம் எழுப்பலாம்.'

படி ஏறும்போது திரும்பிப் பார்த்து, "கடல்ல இது என்ன சாப்பிட்டிருக்கும்?" என்று கேட்டார்.

"மீனுங்க ஐயா."

"ம்" என்றார். போய்விட்டார்.

இழுப்பறையில் சாமான்களைத் திரும்ப வைத்துவிட்டு எழுதுகிறேன்.

உன் தம்பி, பதிவாளர்

செப்டம்பர் 13

என் தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். கால், இருமல், விக்கல் எதுவும் இல்லை. நீ ஒன்றும் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

அத்தான் சிரித்த சிரிப்பில் ஊசி எங்கேயோ விழுந்து, இரண்டு நாள் செருப்போடுதான் கடைக்குள் நடந்தோம். "தலை நுழைய வழி விடாம சட்டை தைச்சவனை இப்பதான் பார்க்கிறேன்! அதுக்கும் புதுசா வீடு கட்டித் தர்றாங்க பாரு!" என்கிறார். வருகிறவர்கள் எல்லாரிடமும் சொல்கிறார். "என் மச்சான்" என்று சொல்லித்தான் ஆரம்பிக்கிறார். இதற்கு முன்னால் "இவ தம்பி" என்றுதான் சொல்வார்.

கரையும் என்று சொன்னாயே, அந்த ஒரு வரியை மட்டும் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிட்டேன்.

சுவரை இடிக்கும்போது எழுது. நாங்கள் வருகிறோம்.

அக்கா

நவம்பர் 27

என் தம்பிக்கு,

பத்திரமாக வீடு வந்து சேர்ந்தோம். ரயிலில் அத்தான் எதிர் இருக்கைக்காரருக்கு இருபத்திரண்டு அடியையும் கை விரித்துக் காட்டினார். பக்கத்தில் இருந்தவரின் கண்ணாடி விழுந்தது. உன் உடம்பு இளைத்திருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டை அதன் இடுப்பைத் தாண்டாமல் இந்தப் பக்கமே வைத்துக்கொள்.

சுவர் இடிப்பதற்கும் ஒரு விழாவா! உங்கள் இயக்குநர் சுவருக்கே ரிப்பன் கட்டி வெட்டியதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் செங்கல் விழுந்து வெளிச்சம் உள்ளே போனதே, அதை மறக்க மாட்டேன். எத்தனை காலம் மண்ணிலும், எத்தனை வருடம் உங்கள் எண்களிலும் சிதறிக் கிடந்தது, வெயிலில் முழுசாகப் படுத்திருந்தது. கடவுள் படைத்ததை நீ திரும்ப எண்ணி அடுக்கியிருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு விஷயம். அங்கேயே சொல்லியிருப்பேன். எல்லாரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள், உனக்கு மாலை போட்டார்கள், உன் காதும் சிவந்திருந்தது. அந்த நேரத்தில் சொன்னால் நன்றாக இருக்காது என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

பேச்சு நடந்த நேரம் முழுக்க நான் விலா எலும்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன். வலது பக்கம் பதினெட்டு. இடது பக்கம் பதினேழு. இரண்டு தடவை எண்ணினேன்.

தேடு.

அக்கா

டிசம்பர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நலம். உன் கண்ணுக்கு ஆயுசு நூறு.

கிடைத்துவிட்டது. 4,406, 'வளைந்த கல், பயன் தெரியவில்லை.' இயக்குநர் தன் மேசையில் பதினோரு வருடமாகக் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறார்; அதிகாரியும் அதை அங்கேயே எண்ணிவிட்டுப் போனார். எடுக்கப் போனபோது ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

"இதுவும் போகணுமாய்யா?"

"போகணுங்க ஐயா."

"அப்ப இன்னொண்ணு குறையுமே."

"குறையுங்க ஐயா."

கையை எடுத்தார். கீழே கூடவே வந்து, பசை காயும் வரைக்கும் அவரே பிடித்துக்கொண்டிருந்தார்.

8,213. குறித்துக்கொள்.

தம்பி